பேய் நாயகனானால் பயம் போய்விடும்

'தி எக்ஸார்சிஸ்ட்: பிலீவர்' (2023) படத்தை ஆவலோடு பார்க்க உட்கார்ந்து ஏமாந்துபோனதாக எழுதியிருக்கிறீர்கள். நன்றாகத் தொடங்கும் திகில் படத் தொடர்கள் பாகத்துக்குப் பாகம் தேய்வது ஏன், பணத்தாசை ஒன்றுதான் காரணமா, பழைய தொடர்களில் எதை எதுவரை பார்க்கலாம் என்று கேட்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன்.

பணத்தாசை உண்டு. ஆனால் அது எதையும் விளக்கிவிடுவதில்லை, ஏனென்றால் முதல் பாகமும் பணத்துக்காக எடுத்ததுதான். ஷான் கன்னிங்ஹாம் 'ஃப்ரைடே தி தர்டீந்த்' (1980) படத்துக்குத் திரைக்கதை முடிவதற்கு முன்பே தலைப்பை மட்டும் பெரிதாகப் போட்டுப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். 'ஹாலோவீன்' (1978) ஓடிய ஓட்டத்தைப் பார்த்துவிட்டு அதே வழியில் சம்பாதிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் தொடங்கிய படம் அது. ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்' சுமார் மூன்று லட்சம் டாலரில் தயாராகி அமெரிக்காவில் மட்டும் நாலரைக் கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. திகில் படத்துக்குப் பெரிய நட்சத்திரமோ பெரிய அரங்கமோ வேண்டியதில்லை, போட்ட பணம் பல மடங்காகத் திரும்புகிறது. இந்தக் கணக்கு முதல் பாகத்திலும் இருந்தது, பத்தாம் பாகத்திலும் இருக்கிறது. எல்லாக் காலத்திலும் மாறாமல் இருக்கும் ஒன்றை, இடையில் வந்த சரிவுக்குக் காரணமாகச் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஆண்டுதோறும் எத்தனையோ சிறு திகில் படங்கள் வந்து சுவடில்லாமல் மறைகின்றன. அவற்றில் எல்லாம் கூடிவந்த ஒன்றிரண்டுக்கு மட்டுமே இரண்டாம் பாகம் எடுக்கிறார்கள். இயக்குநரின் வயது, கையில் காசில்லாத நெருக்கடி, நடிகரின் முகம், அந்த ஆண்டு மக்களின் மனநிலை என்று பலவும் ஒரே இடத்தில் சேர்ந்த படம் அது. அடுத்த முறையும் அத்தனையும் சேரும் என்று எதிர்பார்க்க நியாயம் இல்லை. ஆகவே யாரும் எந்தத் தவறும் செய்யாவிட்டாலும் இரண்டாம் பாகம் சற்று இறங்கியே இருக்கும். நாம் பேச வேண்டியது அதற்கு மேலும் நடக்கும் சரிவைப் பற்றி.

என் கருத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: நல்ல முதல் பாகம் பயப்படுகிறவரின் கதை. தொடர்ச்சிகள் பயமுறுத்துகிறவனின் கதையாகிவிடுகின்றன. சரிவு தொடங்குவது அங்கேதான்.

முதல் படங்களை மறுபடியும் பாருங்கள். 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' (1984) படத்தில் கனவில் வந்து கொல்லும் ஃப்ரெடி க்ரூகர் திரையில் தோன்றும் நேரத்தைக் கூட்டினால் பத்து நிமிடம்கூட வராது. மீதி நேரமெல்லாம் நான்சி என்ற பெண் தூங்காமல் இருக்கப் படும் பாடு. 'ஜாஸ்' (1975) படத்தில் இயந்திரச் சுறா கடல்நீரில் அடிக்கடி பழுதானது. அதனால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் சுறாவைச் சரியாகக் காட்டாமலே ஸ்பீல்பெர்க் படத்தை நகர்த்தினார். அந்த நேரத்தில் நாம் பார்த்ததெல்லாம் கடலைக் கண்டு அஞ்சும் ஒரு காவல்துறைத் தலைவரின் முகத்தை. 1973இல் வந்த 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தில் பேயோட்டும் சடங்கு கடைசிப் பகுதியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் ஒரு தாய் தன் மகளை மருத்துவர் மருத்துவராக அழைத்துக்கொண்டு அலைகிறாள். சிறுமியின் கழுத்தில் ஊசி குத்தி ரத்தநாளத்தைப் படமெடுக்கும் காட்சியில் பேய் இல்லை, மாயம் இல்லை. இருந்தும் அந்தப் படத்தில் எனக்கு மிகவும் தாங்க முடியாத காட்சி அதுதான்.

'ஹாலோவீன்' தொடரின் வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒரு தொடர் செய்யக்கூடிய எல்லாத் தவறுகளையும் அதில் வரிசையாகப் பார்க்கலாம். முதல் படத்தின் பெயர்ப்பட்டியலில் முகமூடி அணிந்த கொலைகாரனாக நடித்த நிக் காசிலைக் குறிப்பிடும் இடத்தில் 'உருவம்' என்று மட்டுமே போட்டிருந்தார்கள். அவன் ஏன் லாரி ஸ்ட்ரோட் என்ற இளம்பெண்ணைத் துரத்துகிறான் என்பதற்குக் காரணமே சொல்லப்படவில்லை. அவள் அந்த வீட்டு வாசலுக்கு வந்தாள், அவன் கண்ணில் பட்டாள். வேறு யாராகவும் இருந்திருக்கலாம், படம் பார்க்கும் நாமாகவும் இருந்திருக்கலாம். 1981இல் வந்த இரண்டாம் பாகம் அவனை லாரியின் அண்ணன் என்று சொன்னது. திரைக்கதையை எழுதியவர்கள் அதே கார்பென்டரும் டெப்ரா ஹில்லும்தான். அந்த முடிவைப் பற்றிக் கார்பென்டரே பின்னாளில் வருத்தத்தோடு பேசியிருக்கிறார். ஒரே வாக்கியத்தில் அந்தப் பயம் ஒரு குடும்பத்து விவகாரமாகச் சுருங்கிவிட்டது. அவன் தன் ரத்த உறவைத்தான் தேடுகிறான் என்றால் நாம் நிம்மதியாகத் தூங்கலாம்.

அடுத்து நடந்தது இன்னும் முக்கியமானது. மைக்கேல் மையர்ஸ் என்ற அந்த முகமூடிக்காரனின் கதை முடிந்துவிட்டது என்று கார்பென்டரும் ஹில்லும் நினைத்தார்கள். ஹாலோவீன் இரவைப் பின்னணியாக வைத்து ஒவ்வொரு முறையும் வேறொரு கதை சொல்லலாம் என்று திட்டமிட்டு, 1982இல் மூன்றாம் பாகத்தை முகமூடிக்காரன் இல்லாமலே தயாரித்தார்கள். நல்ல யோசனை, படமும் மோசமில்லை. ஆனால் மக்கள் கோபப்பட்டார்கள், வசூல் சரிந்தது. 1988இல் நான்காம் பாகம் வந்தபோது மைக்கேல் திரும்பி வருகிறான் என்பதைத் தலைப்பிலேயே போட்டு விற்றார்கள். ஆகவே பழியைத் தயாரிப்பாளர்கள் தலையில் மட்டும் போடாதீர்கள். கொலைகாரனை மீண்டும் கொண்டுவரச் சொன்னவர்கள் ரசிகர்கள்.

லாரியாக நடித்த ஜேமி லீ கர்டிஸ் அதற்குள் பெரிய நடிகையாகிவிட்டார், அவர் வரவில்லை. எனவே லாரி கார் விபத்தில் இறந்துவிட்டதாக நான்காம் பாகம் போகிறபோக்கில் சொல்லிவிட்டு அவளுடைய மகளைக் கொண்டுவந்தது. அந்த மகளையும் 1995இல் வந்த ஆறாம் பாகம் தொடக்கத்திலேயே கொன்றது. மைக்கேலின் வெறிக்குக் காரணம் ஒரு ரகசியக் கூட்டத்தின் பழைய சாபம் என்றும் விளக்கியது. 1998இல் வந்த படம் நான்கு, ஐந்து, ஆறாம் பாகங்களை இல்லாததாக்கி லாரியை உயிரோடு மீட்டது. 2002இல் வந்த படம் அவளைச் சில நிமிடங்களில் கொன்றுவிட்டுக் கொலைகாரனோடு மேலே நடந்தது. பிறகு மறு ஆக்கம், அதற்கொரு தொடர்ச்சி. 2018இல் டேவிட் கார்டன் கிரீன் முதல் படத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அழித்துவிட்டு, நாற்பது ஆண்டுகள் பயத்தோடு வாழ்ந்து முதிர்ந்த லாரியின் கதையாகப் புதிதாகத் தொடங்கினார். சுமார் ஒரு கோடி டாலரில் எடுத்த படம் உலகெங்கும் இருபத்தைந்து கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. இருபது ஆண்டு இடைவெளியில் இந்தத் தொடர் மூச்சுவிட்ட இரண்டு தருணங்களும், அதாவது 1998உம் 2018உம், லாரியிடம் திரும்பிய தருணங்கள். 2021இல் வந்த 'ஹாலோவீன் கில்ஸ்' லாரியைப் பெரும்பாலும் மருத்துவமனைப் படுக்கையில் கிடத்திவிட்டு மைக்கேலின் கொலைகளை எண்ணத் தொடங்கியது. மறுபடியும் பழைய பள்ளம்.

முந்தைய பாகத்தில் தப்பியவரை அடுத்த பாகத்தின் வாசலிலேயே கொல்வது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. 'ஃப்ரைடே தி தர்டீந்த்' முதல் படத்தில் எஞ்சிய ஆலிஸ், இரண்டாம் பாகம் (1981) தொடங்கியதும் தன் வீட்டில் சாகிறாள். 'ஏலியன்ஸ்' (1986) படம் முழுவதும் நாயகி ரிப்ளி உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய சிறுமி நியூட், 'ஏலியன் 3' (1992) தொடங்கும்போதே இறந்துகிடக்கிறாள். எனக்கு இதில் உண்மையான கோபம் உண்டு. இரண்டு மணி நேரம் ஒரு மனுஷியோடு சேர்ந்து பயந்து, அவள் பிழைத்தாள் என்று பெருமூச்சு விட்டு வெளியே வந்திருக்கிறோம். அந்தப் பெருமூச்சுக்கு மதிப்பில்லை என்று அடுத்த படம் சொல்கிறது. அதன் பிறகு புதிதாக வரும் யாரிடமும் மனத்தைக் கொடுக்க நாம் தயங்குகிறோம். மனத்தைக் கொடுக்காத இடத்தில் பயம் எப்படி வரும்? எப்படிக் கொல்லப் போகிறார்கள் என்ற ஆர்வம் மட்டுமே மிஞ்சுகிறது.

இது ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது என்றால், சட்டமும் சம்பளமும் அப்படி அமைந்திருக்கின்றன. ஸ்டுடியோவுக்குச் சொந்தமானது அரக்கன். பிழைத்தவளாக நடித்த நடிகை யாருக்கும் சொந்தமில்லை, அடுத்த படத்துக்குக் கூடுதல் சம்பளம் கேட்பார். முகமூடியை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். 'ஃப்ரைடே தி தர்டீந்த்' தொடரின் கொலைகாரன் ஜேசன் வூர்ஹீஸைப் பாருங்கள். முதல் படத்தில் கொலைகளைச் செய்வது அவனுடைய தாய். இரண்டாம் பாகத்தில் அவன் தலையில் ஒரு சாக்குத்துணி. உலகமே அறிந்த ஹாக்கி முகமூடி 1982இல், மூன்றாம் பாகத்தில்தான் வருகிறது. ஆளுக்கு ஆள் மாறி அந்த வேடத்தில் நடித்தார்கள், தொடர் நிற்கவில்லை. 'ஸ்க்ரீம்' தொடரின் ஆறாம் பாகத்தில் (2023) அதன் நாயகியாக நடித்துவந்த நெவ் கேம்ப்பெல் நடிக்காததற்குக் காரணம், தனக்குச் சொன்ன சம்பளம் தன் உழைப்புக்கு ஈடானதல்ல என்று அவர் கருதியதுதான். படம் அவரில்லாமலே வெளியாகி நன்றாகவும் ஓடியது, ஆனால் ஏழாம் பாகத்துக்கு அவரையே திரும்ப அழைத்தார்கள். 'ஹெல்ரெய்சர்' தொடரில் 2011இல் வந்த படம் இன்னும் ஒரு படி கீழே போனது. உரிமை கைநழுவிவிடக் கூடாது என்பதற்காகச் சில வாரங்களில் அவசரமாக எடுத்த படம் அது. முகமெல்லாம் ஊசி குத்திய பின்ஹெட் என்ற அரக்கன் வேடத்தில் அதுவரை நடித்த டக் பிராட்லி மறுத்துவிட்டார், வேறொருவர் முகத்தில் ஊசிகளை ஒட்டிப் படப்பிடிப்பை முடித்தார்கள்.

2003 வரை வந்த படங்களில் ஃப்ரெடியாக ராபர்ட் இங்லண்டே நடித்தார், இருந்தும் அந்தத் தொடர் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தது. மூன்றாம் பாகத்திலிருந்து (1987) ஃப்ரெடி கொல்லும்போதெல்லாம் நகைச்சுவையாக ஒரு வசனம் சொல்ல ஆரம்பித்தான். மக்கள் கைதட்டினார்கள். பொம்மைகள் வந்தன, அவனே தோன்றி அறிமுகம் செய்யும் தொலைக்காட்சித் தொடர் வந்தது. குழந்தைகளைக் கொன்றவன் என்று முதல் படம் சொன்ன ஒருவனின் பொம்மையைக் குழந்தைகள் கையில் வைத்திருந்தார்கள். ஒருவனோடு சேர்ந்து சிரித்த பிறகு அவனுக்குப் பயப்பட முடியாது.

இதெல்லாம் எண்பதுகளின் கெட்ட பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். யுனிவர்சல் ஸ்டுடியோ 1931இல் 'ஃபிராங்கன்ஸ்டைன்' எடுத்தது. 1935இல் அதே ஜேம்ஸ் வேல் இயக்கிய 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' முதல் படத்தைவிடச் சிறந்தது என்று சொல்பவர்களில் நானும் ஒருவன். பிறகு மகன், ஆவி என்று நீண்டது. 1943இல் அரக்கனும் ஓநாய் மனிதனும் மோதிக்கொண்டார்கள், 1944இல் எல்லா அரக்கர்களும் ஒரே வீட்டில் கூடினார்கள், 1948இல் நகைச்சுவை இரட்டையர் அபாட்டும் காஸ்டெல்லோவும் அந்த அரக்கனைச் சந்தித்தார்கள். 2003இல் ஃப்ரெடியும் ஜேசனும் மோதிய படம் அறுபது ஆண்டுப் பழைய பாதையில்தான் நடந்தது.

'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' என் கருத்துக்கு எதிராயிற்றே என்று நீங்கள் கேட்கலாம், அது அரக்கனைத்தானே மையத்தில் வைக்கிறது? ஆமாம். ஆனால் அந்தப் படத்தில் பயப்படுகிறவனே அரக்கன்தான். தனிமைக்குப் பயப்படுகிறான், நெருப்புக்குப் பயப்படுகிறான், தன்னைக் கண்டு அலறும் மனிதர்களுக்குப் பயப்படுகிறான். 'சா' தொடரிலும் இதே அனுபவம் உண்டு. 2004இல் வந்த முதல் படம் 18 நாட்களில் படமாக்கப்பட்டது. குழாயோடு சங்கிலியால் பிணைக்கப்பட்ட இரண்டு பேரும் ஒரு பாழடைந்த குளியலறையும்தான் அதன் உயிர். அவர்களை அங்கே அடைத்த கொலைகாரன் ஜிக்சா அந்த அறையின் நடுவிலேயே பிணம்போல் கிடக்கிறான், நமக்குத் தெரியாது. ஆண்டுக்கொரு பாகம் என்று 2010 வரை ஏழு படங்கள் வந்தன. மூன்றாம் பாகத்திலேயே ஜிக்சா இறந்துவிட்டதால், மீதிப் படங்கள் முன்கதைகளும் புதிது புதிதாக முளைக்கும் சீடர்களுமாகச் சிக்கிக்கொண்டன. 2023இல் வந்த பத்தாம் படம் முதல் இரண்டு பாகங்களுக்கு இடைப்பட்ட காலத்துக்குப் போய், மூளைப் புற்றுநோயோடு மெக்சிகோவுக்குச் சிகிச்சை தேடிப் போகும் ஜான் க்ராமரை, அதாவது ஜிக்சாவைக் காட்டியது. சாவுக்கு அஞ்சும் ஒரு கிழவர், நம்பிக்கை கொடுத்து ஏமாற்றப்படுகிறார். இருபது ஆண்டு வரலாற்றில் விமர்சகர்களிடம் அந்தத் தொடருக்குக் கிடைத்த மிக நல்ல வரவேற்பு அதற்குத்தான்.

விளக்கம் சொல்லும் நோய் தனியானது. அதற்கு ஜப்பானிலிருந்து ஒரே உதாரணம் போதும். 1998 ஜனவரியில் ஹிடியோ நகாடாவின் 'ரிங்கு'வும் அதன் தொடர்ச்சியான 'ராசென்' படமும் ஒரே நாளில் வெளியாயின. 'ராசென்' சாபத்தை வைரஸ், மரபணு என்று அறிவியலாக விளக்கியது. 'ரிங்கு' உலகப் புகழ் பெற்றது, 'ராசென்' தோற்றது. மறு ஆண்டே அதை ஒதுக்கிவிட்டு நகாடாவை வைத்துப் புதிதாக ஒரு இரண்டாம் பாகம் எடுத்தார்கள்.

'தி கான்ஜுரிங்' (2013) தொடர் மற்றவற்றைவிட நீண்ட காலம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், அதில் பேய் மாறுகிறது, பேய் பிடித்த வீடுகளை ஆராயும் வாரன் தம்பதி மாறுவதில்லை. அவர்கள் களைத்துப்போவதும் ஒருவரை ஒருவர் இழந்துவிடுவோமோ என்று அஞ்சுவதும் படத்துக்குப் படம் சேர்ந்துகொண்டே போகிறது. அதே உலகத்திலிருந்து பேய்களை மட்டும் தனியே பிரித்தெடுத்து வந்த 'அனபெல்' (2014), 'தி நன்' (2018) இரண்டும் மிகப் பலவீனமான படங்கள். ஆனால் 'தி நன்' முப்பத்தாறு கோடி டாலருக்கு மேல் ஈட்டி, மூலப் படத்தின் வசூலையே தாண்டியது. அந்தத் தொகையைப் பார்க்கும் தயாரிப்பாளருக்கு நான் இங்கே எழுதும் எதுவும் காதில் விழாது என்பது எனக்குத் தெரியும். 'அனபெல்' வரிசையில் 2017இல் வந்த 'அனபெல்: கிரியேஷன்' நன்றாக இருந்ததென்றால், அது பொம்மையை விட்டுவிட்டு, போலியோவால் கால் பாதிக்கப்பட்ட ஓர் அநாதைச் சிறுமியைப் பின்தொடர்ந்ததால்தான்.

இப்போது உங்களை ஏமாற்றிய படத்துக்கு வருகிறேன். அந்தத் தொடரின் உரிமைக்கு யுனிவர்சல் கொடுத்ததாகச் செய்திகள் சொன்ன தொகை சுமார் நாற்பது கோடி டாலர், அதுவும் மூன்று படங்களுக்கு. கதை பிறப்பதற்கு முன்பே மூன்று பாகங்களுக்கான கடன் பிறந்துவிட்டது. இருந்தும் 'பிலீவர்' படத்தின் முதல் அரை மணி நேரம் நல்ல சினிமா என்றே சொல்வேன். ஹெய்ட்டி நிலநடுக்கத்தில் மனைவியை இழந்து மகளைத் தனியே வளர்க்கும் விக்டர், பள்ளி முடிந்து வீடு திரும்பாத அவளைத் தேடி அலையும் காட்சிகளில் 1973ஆம் ஆண்டுப் படத்தின் தாயின் தவிப்பு இருக்கிறது. பிறகு படத்துக்கு அவர்மேல் நம்பிக்கை போய்விட்டது. ஒரு சிறுமிக்குப் பதில் இரண்டு சிறுமிகள், இரண்டு பாதிரியார்களுக்குப் பதில் பல மதங்களைச் சேர்ந்த ஒரு கூட்டம். அறைக்குள் ஆட்கள் கூடக் கூடப் பயம் குறையும் என்பது யாருக்கும் தோன்றவில்லையா? 1973ஆம் ஆண்டுப் படத்தில் தாயாக நடித்த எலன் பர்ஸ்டினை ஐம்பது ஆண்டுகள் கழித்து அழைத்துவந்து, வந்த சற்று நேரத்தில் கண்களைக் குத்திப் படுக்கையில் போட்டார்கள். பிழைத்தவரை வாசலிலேயே வீழ்த்தும் அதே வழக்கம். அடுத்த பாகம் கைவிடப்பட்டது, இயக்குநர் விலகினார். இயக்குநர் மைக் ஃப்ளானகனிடம் புதிய படத்தை ஒப்படைத்திருக்கிறார்கள். மனிதர்களின் துக்கத்தை எழுதத் தெரிந்தவர் அவர், அதனால் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

எதை எதுவரை பார்ப்பது என்ற கேள்விக்கு: 'ஹாலோவீன்' முதல் படமும் 2018ஆம் ஆண்டுப் படமும் போதும், இடையில் ஆர்வமிருந்தால் மூன்றாம் பாகத்தைத் தனிப்படமாக நினைத்துப் பாருங்கள். 'எல்ம் ஸ்ட்ரீட்' வரிசையில் ஒன்று, மூன்று, பிறகு முதல் படத்தை இயக்கிய வெஸ் க்ரேவனே 1994இல் திரும்பி வந்து எடுத்த ஏழாம் படம். 'ஏலியன்' இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். 'ஃபைனல் டெஸ்டினேஷன்' தொடரில் முகமுள்ள வில்லனே கிடையாது. பதினான்கு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2025இல் வந்த 'பிளட்லைன்ஸ்' ஒரு குடும்பத்தை நடுவில் வைத்துச் சொன்ன விதத்தில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 'ஜாஸ்' ஒன்றே போதும்.

'எக்ஸார்சிஸ்ட்' வரிசையில் 1977ஆம் ஆண்டுப் படத்தை விட்டுவிட்டு 1990இல் வந்த மூன்றாம் பாகத்தைக் கட்டாயம் பாருங்கள். மூல நாவலை எழுதிய வில்லியம் பீட்டர் பிளாட்டியே எழுதி இயக்கியது. முதல் படத்தில் விசாரணைக்கு வந்துபோன துப்பறிவாளர் கிண்டர்மன் இதில் வயதாகி, நண்பனின் சாவைச் சுமந்துகொண்டு நடமாடுகிறார். மருத்துவமனை நடைக்கூடத்தில் கேமரா அசையாமல் நிற்கும் ஒரு நீண்ட காட்சி இருக்கிறது, அதைப் பற்றி முன்கூட்டியே எதுவும் படித்துவிடாதீர்கள். தலைப்பில் பேயோட்டி இருப்பதால் பேயோட்டும் சடங்கு வேண்டும் என்று ஸ்டுடியோ வற்புறுத்திச் சேர்க்கவைத்த இறுதிப்பகுதி மட்டும் ஒட்டாமல் நிற்கும். 2016இல் வந்த ப்ளூரே வெளியீட்டில், பிளாட்டி முதலில் நினைத்த வடிவத்தைக் கிடைத்த பழைய வீடியோ நாடாக்களைக் கொண்டு ஓரளவு மீட்டிருக்கிறார்கள். படத்தின் தெளிவு அங்கங்கே மங்கும். முதலில் திரையரங்கில் வந்த வடிவத்தைப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் இதற்கு வாருங்கள்.